அவனை அறியேன்

அன்புள்ள ஐயா,

நான் இரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் எடுத்துப் பதினான்கு வருடங்கள் ஆகின்றன. தன்னை வெறுத்து, சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொள்ளச் சொல்லும் லூக்கா 9:23ஐ மனதில் வைத்துச் சில வருடங்களாக ஒரு நோட்டு எழுதி வருகிறேன். இன்று எதையெல்லாம் விட்டேன், எதில் தோற்றேன் என்று இரவில் கணக்குப் பார்ப்பேன். பிடித்த சாப்பாட்டை விட்டேன், டிவியை விட்டேன். கோபம் மட்டும் போகவில்லை. மகனிடம் தினமும் எரிந்து விழுகிறேன். படுக்கையில் இருக்கும் மாமியாரை நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். முடியவில்லை என்று சொன்னால், "அதுதான் உன் சிலுவை" என்கிறார்கள்.

எங்கள் போதகர், இரட்சிப்பு முடிந்துபோன காரியம், சந்தேகப்படாதே என்கிறார். ஜெபக்குழுவில் ஒரு சகோதரியோ, தினமும் தன்னை வெறுக்காதவர்கள் இரட்சிப்பை இழந்துபோவார்கள் என்கிறார். நான் இரட்சிக்கப்பட்டுவிட்டேனா, இனிமேல்தானா? இரட்சிக்கப்பட்டிருந்தால் எதற்கு இந்த அன்றாடப் போராட்டம்? நோட்டைத் தொடரவா, விட்டுவிடவா?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் "தன்னை வெறுக்காதவர்கள்" என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாம் சிறுவயது முதல் மனப்பாடம் செய்த வசனம் அப்படித்தான் இருக்கிறது: "தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்." 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அதே இடம் "தன்னலம் துறந்து" என்றிருக்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல் "அர்னேயோமாய்". அதற்கு மறுதலிப்பது, எனக்குத் தெரியாது என்று கைவிரிப்பது என்று பொருள். லூக்கா இதே சொல்லை 22ஆம் அதிகாரத்திலும் எழுதுகிறார். இயேசு பிடிபட்ட இரவில், பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் நெருப்பருகே உட்கார்ந்திருக்கும் அவருடைய சீஷன் பேதுருவை ஒரு வேலைக்காரி உற்றுப் பார்த்து, இவனும் அவனோடிருந்தான் என்கிறாள். அவர் "ஸ்திரீயே, அவனை அறியேன்" என்று மறுதலிக்கிறார். அந்த இடத்தில் மட்டும் நம் பழைய வேதாகமம் "மறுதலித்தான்" என்றே போடுகிறது.

இந்த இரண்டு வசனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேதுருவுக்கு இயேசுவின் மேல் அன்று வெறுப்பு ஒன்றும் இல்லை. எனக்கும் அவனுக்கும் சம்பந்தம் இல்லை, அவன் பேச்சுக்கு நான் பொறுப்பில்லை என்று விலகிக்கொண்டார், அவ்வளவுதான். தம் ஆண்டவரைப் பற்றிப் பேதுரு சொன்ன அதே வார்த்தையை, நம்முடைய "நான்" வந்து அதிகாரம் பண்ணும்போது அதைப் பார்த்துச் சொல்லும்படி இயேசு கேட்கிறார்: அவனை அறியேன். அவன் சொல்லை இனி நான் கேட்பதில்லை.

வெறுப்பு வேறு ரகம். ஒருவரை வெறுக்கிறவர் நாள் முழுக்க அவரையே நினைத்துக்கொண்டிருப்பார். உங்கள் நோட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் எல்லாப் பக்கங்களிலும் ஒரே ஒரு ஆள்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். நான் விட்டேன், நான் தோற்றேன், நான் ஜெயித்தேன். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இதே மாதிரி ஒரு கணக்கில் நானும் வருடக்கணக்காக மாட்டிக்கொண்டிருந்தவன்.

லூக்கா 14:26இல் "தன் ஜீவனையும் வெறுக்காவிட்டால்" என்று உண்மையாகவே வெறுப்பைக் குறிக்கும் சொல் வருகிறதே என்று அந்தச் சகோதரி கேட்கலாம். வருகிறது. ஆனால் அந்த வசனம் தகப்பனையும் தாயையும் சேர்த்தே சொல்கிறது. பெற்றோரைக் கனம்பண்ணு என்ற கட்டளையை இயேசு நீக்கிவிடவில்லை. மத்தேயு 10:37 அதே கருத்தை "என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்" என்று சொல்கிறது. யாருக்கு முதலிடம் என்பதே இரண்டு இடத்திலும் கேள்வி.

சரி, இரட்சிப்புக்கு வருவோம். உங்கள் போதகர் எபேசியர் 2:8இல் நிற்கிறார்: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்." இறந்தகாலம். ஆனால் அதே பவுல் 1 கொரிந்தியர் 1:18இல் "இரட்சிக்கப்படுகிற நமக்கோ" என்று நிகழ்காலத்தில் எழுதுகிறார். ரோமர் 5:9இலோ "இரட்சிக்கப்படுவது அதிக நிச்சயமாமே" என்று வரப்போகிற நாளைப் பார்த்துச் சொல்கிறார். மூன்று காலமும் ஒரே மனிதரின் பேனாவிலிருந்து வந்திருக்கின்றன, அவருக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை. எபிரெயர் 10:14 இன்னும் அழகு. "பரிசுத்தமாக்கப்படுகிறவர்களை ஒரே பலியினாலே இவர் என்றென்றைக்கும் பூரணப்படுத்தியிருக்கிறார்." முடிந்துபோனதும் நடந்துகொண்டிருப்பதும் ஒரே வாக்கியத்துக்குள் இருக்கின்றன.

ஆகவே, இரட்சிக்கப்பட்டுவிட்டேனா என்று கேட்டால், ஆம். இனிமேல்தானா என்றாலும், ஆம், அதுவும் உண்டு. உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்றால், முதல் பாதியைத் தேவன் முடித்தார், இரண்டாம் பாதியை நான் முடிக்க வேண்டும் என்று எங்கேயோ மனதில் பதிந்துவிட்டது. கலாத்தியரிடம் பவுல் கோபப்பட்டதே இதற்குத்தான்: "ஆவியினாலே ஆரம்பம்பண்ணின நீங்கள் இப்பொழுது மாம்சத்தினாலே முடிவுபெறப்போகிறீர்களோ?" பிலிப்பியர் 2:12ஐ வைத்துப் பயமுறுத்துகிறவர்கள் "பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்பதோடு வேதத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த வசனம் "ஏனெனில்" என்று தொடங்குகிறது. விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவன். நீங்கள் பிரயாசப்படுவது அவர் ஏற்கெனவே உள்ளே வேலை செய்துகொண்டிருப்பதால்தான்.

கிரியைகளால் இரட்சிப்பு இல்லை என்று உயிரைப் பணயம் வைத்து வாதாடிய மார்ட்டின் லூத்தரும் அன்றாடத்தை விடவில்லை. 1517இல் அவர் முன்வைத்த 95 கூற்றுகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், நமக்குள் இருக்கும் பழைய ஆதாம் தினந்தோறும் மூழ்கிச் சாக வேண்டும், தினந்தோறும் புதிய மனுஷன் எழும்ப வேண்டும், ஞானஸ்நானத்தின் பொருள் இதுவே என்கிறார். நீங்கள் பதினான்கு வருடம் முன்பு எடுத்த ஞானஸ்நானம் இன்று காலையிலும் நடந்துகொண்டிருக்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இரட்சிப்பின் நிச்சயம் ஆடும்போதெல்லாம் நான் இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய அந்தக் கள்ளனிடம்தான் போவேன். அவனுக்கு உபவாசம் இல்லை, நோட்டு இல்லை, மறுநாளே இல்லை. ஆனாலும் அவனிடம் சுயமறுப்பு இருந்தது என்று நினைக்கிறேன். மற்றக் கள்ளன் இயேசுவைக் கேலி செய்யும்போது இவன் என்ன சொல்கிறான்? "நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்." தன் பக்க நியாயத்தை அவன் கீழே போட்டுவிட்டான். சாகிற நேரத்தில்கூட நமக்கு விட மனம் வராத கடைசிச் சொத்து அதுதான். அதற்கப்புறம்தான் "அடியேனை நினைத்தருளும்" என்கிறான். இயேசுவிடமிருந்து பதிலாகக் கிடைத்தது "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்".

எனக்கும் என் அண்ணனுக்கும் சில வருடங்கள் பேச்சு இல்லை. காரணம் இப்போது வேண்டாம். அந்த வருடங்களில் ஈஸ்டருக்கு முந்தின உபவாசக் காலமான லெந்து நாற்பது நாளும் தவறாமல் ஒருவேளைச் சாப்பாடுதான். அந்த நாற்பது நாளும் அண்ணன் மேல் ஒரு வழக்கை மனதுக்குள் நடத்திக்கொண்டிருந்தேன். சாட்சி நான், வக்கீல் நான், நீதிபதியும் நான். வயிறு காய்ந்தது, உள்ளே இருந்தவன் கொழுத்தான். பிறகு ஒருநாள் அவரே போன் செய்தார். வருடக்கணக்காகத் தீட்டி வைத்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. "நல்லா இருக்கீங்களாண்ணே" என்று மட்டும் கேட்டேன். அதை நான் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது, கிருபை என்றுதான் சொல்வேன். மறுநாள் எழுந்தபோது அந்த வழக்கு மறுபடியும் எழுந்து உட்கார்ந்திருந்தது, முந்தின நாள் எதுவும் நடக்காத மாதிரி. லூக்கா மட்டும் ஏன் "அனுதினமும்" என்று எழுதினார் என்பது அன்று காலையில் எனக்குப் புரிந்தது. மத்தேயுவிலும் மாற்குவிலும் இந்த வசனத்தில் அந்தச் சொல் இல்லை.

மாமியார் விஷயத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் அன்போடு செய்யும் பணிவிடை பெரியது. ஆனால் "அதுதான் உன் சிலுவை" என்று இன்னொருவர் தூக்கி உங்கள் தோளில் வைப்பது லூக்கா 9:23 பேசும் சிலுவை ஆகாது. அது ஒருவர் தானாக எடுத்துக்கொள்வது. அப்படிச் சொல்கிறவர்கள் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து பார்த்துக்கொள்ளலாமே. உதவி கேளுங்கள். எல்லாவற்றையும் ஒருத்தியாகவே தாங்குகிறேன் என்பதிலும் சில நேரம் அந்தப் பழைய "நான்" ஒளிந்திருக்கும். பிறர் தம்மேல் சுமத்தியதையெல்லாம் இயேசுவும் ஏற்றுக்கொள்ளவில்லை; நசரேத்தில் தம்மை மலையிலிருந்து தள்ளிவிட வந்தவர்கள் நடுவிலிருந்து இயேசு விலகிப் போய்விட்டார் என்பதையும் லூக்காதான் எழுதியிருக்கிறார். களைத்துப்போன உடம்போடு இருக்கிறவருக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை இரட்சிப்பை இழந்ததற்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நோட்டைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். மகனிடம் எரிந்து விழுந்த அன்று, அதை எழுதும் நேரத்தில் அவனிடம் போய் "அம்மா பேசினது தப்பு" என்று சொல்லுங்கள். உடனே "ஆனா நீயும்..." என்று வாயில் வரும். அந்த "ஆனா"வைச் சொல்லாமல் திரும்பி வந்துவிடுங்கள். அடுத்த நாளும் அது வரும், அடுத்த நாளும் விடலாம்.

மாமியாரைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆளாக யாராவது கிடைத்தார்களா என்று எழுதுங்கள்.

அன்புடன்.