கட்டமும் ஷாட்டும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 16 பக்க காமிக்ஸ் ஒன்று வரைகிறேன். பக்கத்துக்கு ஆறு சமக் கட்டங்கள். துரத்தல் காட்சியில் வேகமே வரவில்லை. கட்டங்கள்தான் காரணமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: கட்டங்கள் மேல் பழி போடுமுன் வசனத்தை எண்ணுங்கள். நொடிக்கு இரண்டு மூன்று சொற்கள்தான் படிக்க முடியும். ஓடுகிறவன் வாயில் 25 சொற்களைத் திணித்தால், அரை நொடியில் கடக்கவேண்டிய கட்டத்தில் வாசகர் பத்து நொடி நிற்பார். ஓட்டத்தில் கட்டத்துக்கு ஐந்து சொல் போதும். பலவற்றுக்கு அதுவும் வேண்டாம்.

பிறகு கட்டங்களை ஒல்லியாக்கலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் செயல் மாறவேண்டும்: சுவர், தாவல், தரை. படம் மாறாமல் கட்டம் மட்டும் பெருகினால் நேரம் இழுபடும். வேண்டுமென்றே அப்படிச் செய்தவர் அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் பெர்னார்ட் கிரிக்ஸ்டீன். 1955-இல் வந்த 'மாஸ்டர் ரேஸ்' கதைக்குத் தந்த 6 பக்கத்தைக் கேட்டு வாங்கி 8 ஆக்கி, சுரங்க ரயில் காட்சியைக் கீற்றுகளாக நறுக்கினார். சில நொடிகள் முடியவே மாட்டேன் என்கின்றன!

அதிர்ச்சியை இரட்டைப்படைப் பக்கத்தின் முதல் கட்டத்தில் வையுங்கள். பக்கத்தைப் புரட்டினால்தான் தெரியும். நடுவே ஒரு விளம்பரப் பக்கம் நுழைந்தால் அந்த அதிர்ச்சி எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளப்பட்டு முன்பே கண்ணில் பட்டுவிடும். அச்சுக்கு முன் பக்க எண்களைப் பாருங்கள்.

கேள்வி: குறும்படச் சண்டையில் ஒவ்வொரு ஷாட்டும் அரை நொடிதான். யார் யாரை அடித்தார் என்றே புரியவில்லை என்கிறார்கள். ஸ்லோ மோஷன் சேர்க்கட்டுமா?
- வாசகர், மதுரை

பதில்: நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப்படங்கள் ஓடும் படத்தில் அரை நொடி என்றால் 12 ஃபிரேம். கண் திரையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தாவவே சுமார் 5 ஃபிரேம் போய்விடும். முஷ்டி வலது ஓரத்தில், அடுத்த ஷாட்டில் முகம் இடது ஓரத்தில் என்றால், தேடுவதிலேயே ஷாட் தீர்ந்துவிடும். முஷ்டி நின்ற இடத்திலேயே முகம் வரட்டும். 4கே-யில் எடுத்து அதைவிடச் சிறிய 1080 அளவில் வெளியிடுவதானால் எடிட்டிங்கிலேயே படத்தை நகர்த்திச் சரிசெய்யலாம். அடி விழும் ஷாட்டை மட்டும் 20 ஃபிரேம் வரை விடுங்கள்.

ஸ்லோ மோஷன் இந்தக் குழப்பத்துக்கு மருந்தல்ல. ஆசைப்பட்டால் நொடிக்கு 48 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டுங்கள். 24-இல் எடுத்ததைப் பிறகு இழுத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் இருமுறை வந்து அசைவு திக்கும். 48-இல் எடுக்கும்போது ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரம்) வழக்கமான 1/50 நொடியிலிருந்து 1/100 நொடிக்கு மாற்றுங்கள். நம்மூர் 50 ஹெர்ட்ஸ் விளக்குகளின் மினுக்கலும் அடங்கும். ஒளி பாதியாகும் என்பதால் விளக்கைக் கூட்டாவிட்டால் படம் புள்ளி புள்ளியாக வரும்.