பொறுமை இருக்கிறதா என்று கேட்காதீர்கள்

வணக்கம் அம்மா. உங்கள் மகள், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர் பயிற்சியில் சேர ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். "அவளுக்குப் பொறுமை ரொம்ப அதிகம், அது போதுமா? இரண்டு வருஷத்தில் களைத்துப்போய் விட்டுவிடுவாளோ?" என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதுதான் சரியான கேள்வி. முதலாவதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்.

இந்தத் துறையில் கால் வைக்கும் எவரிடமும் மற்றவர்கள் முதலில் சொல்வது, "உனக்கு எவ்வளவு பொறுமை!" என்பதுதான். பாராட்டுத்தான். அதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமையே தகுதி என்று நம்பிவிடுவதில்தான் சிக்கல். வகுப்பில் ஒரு பையன் தினமும் பத்தரை மணிக்கு மேசையைத் தள்ளிவிட்டுக் கத்துகிறான் என்று வையுங்கள். பொறுமை மட்டும் உள்ளவர் தினமும் பத்தரைக்குப் பொறுத்துக்கொள்வார். பயிற்சி பெற்றவர் ஒரு தாளில் மூன்று கட்டம் போடுவார்: கத்துவதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், செய்தபின் அவனுக்கு என்ன கிடைத்தது. ஒரு வாரம் குறித்தால் ஏதோ ஒன்று புலப்படும். மணிச் சத்தம் அவன் காதுக்குத் தாங்கவில்லை என்று தெரியலாம். அல்லது, கத்தினால் கணக்குப் பாடத்திலிருந்து தப்பிக்கலாம் என்று அவன் கண்டுபிடித்து வைத்திருப்பது தெரியலாம்.

இரண்டுக்கும் வைத்தியம் வேறு. சத்தம்தான் காரணமென்றால் மணி அடிக்கும் முன்பே அவனை வெளியே அழைத்துப் போய்விடலாம். தப்பிப்பதற்காகக் கத்துகிறவனையும் அப்படியே வெளியே அழைத்துப் போனால், கத்தல் பலிக்கிறது என்றுதான் கற்றுக்கொள்வான். அவனுக்கு "கொஞ்சம் ஓய்வு வேண்டும்" என்பதை ஒரு படத்தைக் காட்டிக் கேட்கப் பழக்க வேண்டும். கணக்கையும் அவனால் முடிகிற அளவுக்குச் சிறிதாக்கித் தர வேண்டும். இதெல்லாம் குணத்தால் வருவதில்லை, படித்துப் பழகி வருவது.

கண்ணும் காதும் இயங்காத சிறுமி ஹெலன் கெல்லரின் ஆசிரியை ஆன் சல்லிவனை அன்பின் வடிவம் என்றே எல்லோரும் சொல்வார்கள். 1887 மார்ச்சில் அந்த வீட்டுக்குப் போனபோது அவருக்கு வயது 20. அதற்கு முந்தைய சில மாதங்களில் அவர் செய்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பார்வையும் செவித்திறனும் இழந்த லாரா பிரிட்ஜ்மன் என்ற பெண்ணுக்குப் பல ஆண்டுகள் முன்பு பார்வையற்றோர் பள்ளி நடத்திய சாமுவேல் ஹோவ் எப்படி மொழி கற்பித்தார் என்ற குறிப்புகளை உட்கார்ந்து படித்தார். உள்ளங்கையில் விரலால் எழுத்துகளை உணர்த்தும் முறை அவருக்கு ஏற்கெனவே தெரியும். தனக்கே பார்வை குறைந்து பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர் அவர். பம்புத் தண்ணீர் கையில் கொட்டக் கொட்ட ஹெலனுக்குச் சொல் புரிந்த அந்த நாள், அவர் போய் ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. அன்பு இருந்தது. கையில் ஒரு முறையும் இருந்தது.

சரி, எந்தப் படிப்பில் சேர்ப்பது? முதலில் எந்தக் குறைபாட்டுக்கான பிரிவு என்று பாருங்கள். பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் ஆறு புள்ளிதான், பெரியவர்கள் சில மாதத்தில் கற்றுவிடலாம். குழந்தையின் விரல் நுனியை அதைப் படிக்கப் பழக்குவது தனி வித்தை. சைகை மொழி முழுமையான ஒரு மொழி, அதில் சரளம் வர ஆண்டுகள் பிடிக்கும். அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்க, சட்டைப் பொத்தான் போடுவதைக்கூடப் பத்துப் படியாகப் பிரித்து யோசிக்கிற மனம் வேண்டும். சிலசமயம் கடைசிப் படியிலிருந்து தொடங்குவார்கள். மற்றதை ஆசிரியர் செய்துவிட்டு, பொத்தானைத் துளையிலிருந்து இழுத்துவிடும் கடைசி வேலையை மட்டும் பிள்ளையிடம் விடுவார்கள். "முடித்தது நான்" என்கிற மகிழ்ச்சி முதல் நாளே கிடைத்துவிடும்.

கல்லூரியில் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பயிற்சி மாணவர்கள் எத்தனை நாள் வகுப்பறையில் இருக்கிறார்கள், பின்னால் உட்கார்ந்து கவனித்துத் தவற்றைச் சொல்வது யார் என்று கேளுங்கள். உண்மையான ஒரு பிள்ளைக்குத் தனிநபர் கல்வித் திட்டம், அதாவது அந்த ஒரு பிள்ளைக்கென்றே கற்பிக்கும் இலக்குகளை, எழுதி, அதை ஒரு பருவம் நடத்தி, சரிவராததைத் திருத்தி எழுத வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். "வாசிப்பு மேம்படும்" என்று எழுதினால் அது ஆசை. "ஐந்து பொருள்களின் பெயரைச் சொன்னால், தொடர்ந்து மூன்று நாளும் நான்கையாவது சரியாகக் காட்டுவான்" என்றால் அது இலக்கு. இந்த வித்தியாசம் புரியாமலே பட்டம் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. 1994-ல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் நடந்த கல்வி மாநாட்டின் அறிக்கையில் 92 அரசுகள் சேர்ந்து, இந்தப் பிள்ளைகளும் பொதுப் பள்ளியிலேயே படிக்க வழி செய்ய வேண்டும் என்றன. 2006-ல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை அதை உரிமையாகவே எழுதிவைத்தது. அதனால் இன்று சிறப்பாசிரியரின் வேலையில் பெரும்பங்கு பெரியவர்களோடுதான். "அது உங்க பிள்ளை, நீங்களே பார்த்துக்கங்க" என்கிற வகுப்பாசிரியரை மெல்ல மெல்ல வழிக்குக் கொண்டுவருவது பிரெய்லைவிடக் கஷ்டம். இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே வகுப்பை நடத்தும் பயிற்சி பாடத்திட்டத்தில் இருந்தால் நல்லது.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். இந்த வேலையை விட்டவர்களிடம் பேசிப் பாருங்கள், பிள்ளைகளைக் குறை சொல்கிறவர்கள் குறைவு. முடியாத அளவுக்குப் பிள்ளைகள், எழுதித் தீராத ஆவணங்கள், வராத ஆசிரியருக்குப் பதிலாக வேறு வகுப்புக்கு அனுப்புவது, கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் இல்லாத தனிமை என்றுதான் பட்டியல் போகும். பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் நோயாகச் சேர்க்கவில்லை. வேலையிடத்து நெருக்கடி சமாளிக்கப்படாமல் நீள்வதால் வருவது என்று விளக்கியிருக்கிறது. அதாவது, விட்டுவிட்டு வந்தவரின் குணத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தச் சோர்வை அளக்க 1981-ல் ஓர் அளவுகோல் தந்தவர் உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக். அவர் மூன்று முகங்களைச் சொன்னார்: மனம் வற்றிப்போவது, மனிதர்களிடம் ஒட்டுதல் விட்டுப்போவது, நம்மால் எதுவும் ஆகவில்லை என்று தோன்றுவது. சிறப்பாசிரியரிடம் மூன்றாவது முகம் சத்தமில்லாமல் வந்து உட்காரும். முன்னேற்றம் அவ்வளவு மெதுவாக நடக்கும், கண்ணுக்கே தெரியாது. அப்போது கைகொடுப்பது அந்தக் கட்டம் போட்ட தாள்தான். ஆறு மாதம் முந்தைய தாளில் ஒரு நாளைக்கு ஒன்பது முறை கத்தியவன் இந்த வாரம் இரண்டு முறைதான் என்று தன் கையெழுத்திலேயே பார்க்கிறவளுக்கு, மறுநாள் காலை கிளம்ப ஒரு காரணம் இருக்கும்.

முதல் வேலைக்கான நேர்காணலில் அவளும் கேள்வி கேட்கட்டும். என் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள்? திட்டம் எழுத வேலை நேரத்திலேயே நேரம் உண்டா? அனுபவமுள்ள சிறப்பாசிரியர் அதே வளாகத்தில் இருக்கிறாரா? எனக்கு முன் இருந்தவர் ஏன் போனார்? கடைசிக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்கச் சொல்லுங்கள். பதிலைவிட, பதில் சொல்பவரின் முகம் அதிகம் சொல்லும். கூடுதல் சம்பளத்தோடு தனியாளாகவா, குறைந்த சம்பளத்தோடு நல்ல மூத்தவர் பக்கத்திலா என்று வந்தால், முதல் இரண்டு ஆண்டுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. என்றாவது அவள் கையில் நகக்கீறலோடு வீட்டுக்கு வருவாள். "இதுக்குத்தான் படிச்சியா?" என்ற வார்த்தை வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள்.

விண்ணப்பம் நிரப்பும் முன், அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு சிறப்பு வகுப்பில் பத்து நாள் அவள் உட்காரட்டும். ஆண்டு விழா நாள் வேண்டாம், சாதாரண நாள்கள், மாலை மணி அடிக்கும் வரை. வந்ததும் என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். "பாவம்மா அந்தப் பிள்ளைங்க" என்றே பத்து நாளும் சொன்னால் இன்னும் கொஞ்சம் பொறுத்திருங்கள். "ஒரு பையன் எதைக் கேட்டாலும் இடது பக்கம் இருப்பதையே எடுத்துத் தருகிறான், ஏன்னு தெரியலம்மா" என்று ஆரம்பித்தால், விண்ணப்பத்தை எடுத்து வையுங்கள்.