ஊருணி தன் பெயரிலேயே வழக்குத் தொடுக்க முடியுமா? வழக்கறிஞரின் கேள்வி பதில்

காரைக்குடி வாசகர்: இயற்கையை உயிருள்ள சட்ட நபர் (தன் பெயரிலேயே உரிமை கொள்ளவும் வழக்குத் தொடுக்கவும் கூடியவர்) என்று நீதிமன்றமே அறிவித்துவிட்டதே, எங்கள் ஊருணியின் பெயரிலேயே வழக்குப் போடலாமா?

பதில்: 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி எஸ். ஸ்ரீமதி அவ்வாறு அறிவித்தது உண்மைதான். ஆனால் அது, மேகமலையில் வனப் புறம்போக்குக்குப் பட்டா வழங்கிய வருவாய் அலுவலரின் தண்டனை பற்றிய பணி வழக்கு. அந்த அறிவிப்பை மட்டும் நம்பிப் போனால், எதிர்த்தரப்பு முதலில் சர்வே எண்ணைத்தான் கேட்கும். அ-பதிவேட்டு (கிராம நிலங்களின் வருவாய்ப் பதிவேடு) நகலும் புல வரைபடமும் இல்லாமல் எந்த வழக்கறிஞரிடமும் போகாதீர்கள்.

பள்ளத்தூர் வாசகர்: ஊருணியின் ஒரு பக்கம் மேடாகிவிட்டதால் மனை பிரிக்கலாம் என்கிறார்களே?

பதில்: கூடாது. ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் (2001), குளத்தை வீட்டுமனையாக ஒதுக்கியதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

தேவகோட்டை வாசகர்: கோவில் சாமி நிலத்துக்கு உரிமையாளராகலாம் என்றால் ஊருணி ஏன் ஆகக்கூடாது?

பதில்: நல்ல கேள்வி. தெய்வத் திருமேனியைச் சட்ட நபராக ஆங்கிலேயர் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1925லேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் சாமிக்காகக் கையெழுத்திட தர்மகர்த்தா இருக்கிறார். 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்ட நபர்களாக்கி, அரசு அதிகாரிகளையே பாதுகாவலர்களாக நியமித்தது. வெள்ளத்தில் சேதம் ஏற்பட்டால் யார்மீது வழக்குத் தொடுப்பது என்று மாநில அரசே மேல்முறையீடு செய்ய, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு நியூசிலாந்து, வாங்கனுயி ஆற்றுக்கெனத் தனிச் சட்டமே இயற்றி, மாவோரி மக்கள் சார்பில் ஒருவர், அரசு சார்பில் ஒருவர் என இருவரை ஆற்றின் முகமாக வைத்தது.

அதே வாசகர்: அப்படியானால் ஊருணி வெட்டிய குடும்பத்துப் பங்காளிகளே பாதுகாவலராகலாமே?

பதில்: உடன்பட மாட்டேன். வெட்டியவர் வழிவந்தோரில் பலர் வெளியூரில் இருக்கிறார்கள். செம்புறாங்கல் படியிறங்கிக் குடத்தில் நீர் மொள்பவர்களுக்கும் கரையோரக் குடியிருப்பினருக்கும் அந்தக் குழுவில் இடமில்லையென்றால், அது ஊருணியின் உரிமையன்று, பங்காளிகளின் சொத்துரிமை.

கண்டனூர் வாசகர்: ஆலைக் கழிவுநீர் வரத்துக்காலில் கலக்கிறது. பசுமைத் தீர்ப்பாயம் போகலாமா?

பதில்: போகலாம். 2010ஆம் ஆண்டுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வழக்கு மூலம் (வழக்குக்குக் காரணமான நிகழ்வு) முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதமே தருகிறது. தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். நாள் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

கோட்டையூர் வாசகர்: ஊருணி பெயரில் வழக்கு...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அ-பதிவேடு, அ-பதிவேடு.

புதுவயல் வாசகர்: மழை தவறுவதற்கும் வழக்கு உண்டா?

பதில்: மழைமீது கிடையாது, அரசின் கடமைமீது உண்டு. கானமயில் என்னும் பறவையின் வாழிடத்து மின்கம்பிகள் குறித்த ரஞ்சித்சின் வழக்கில் (2024), பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளுக்கு எதிரான உரிமையை அரசியலமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் உச்ச நீதிமன்றம் கண்டது. ஆயினும் பறவை வாழிடம் முழுவதிலும் கம்பிகளைப் புதைக்கச் சொன்ன தன் முந்தைய ஆணையைத் தளர்த்தவே அந்த உரிமை அங்கே பயன்பட்டது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.