எழுத்து தெரியும், வாசிக்க வரவில்லை: வாசிப்புக் கேள்வி-பதில்

என் மகன் ஆண்டு 2 படிக்கிறான். எழுத்தெல்லாம் தெரியும். புத்தகத்தைக் கொடுத்தால் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே நிற்கிறான். டியூஷன் வைக்கலாமா? (தாய், செந்தூல், கோலாலம்பூர்)

இப்போதைக்கு வேண்டாம் அம்மா. எழுத்து தெரிந்தவனுக்கு இனி காது பழக வேண்டும். ‘தங்கம்’ என்பதை அவன் த, ங், க, ம் என்று கூட்டும்போது, ‘கல்’லில் வருகிற மாதிரி ‘க’வை அழுத்திச் சொல்வான். நாம் பேசும்போது அந்த இடத்தில் மெலிதாகச் சொல்கிறோம். ‘பக்கம்’ வேறு மாதிரி ஒலிக்கும், ‘முகம்’ இன்னொரு மாதிரி. மலாய் மொழியில் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு, கூட்டினாலே சொல் வந்துவிடும். தமிழில் கூட்டிய ஒலியைக் கேட்டு, இது எனக்குத் தெரிந்த சொல்தான் என்று பிள்ளை பிடிக்க வேண்டும். பள்ளியில் ஒரே நாளில் மலாய், தமிழ் என இரண்டு முறைகளிலும் வாசிக்கிற பிள்ளைக்கு இது லேசான வேலை இல்லை.

என் வகுப்பில் ஒருவன் ‘ப-ம்-ப-ர-ம்’ என்று நான்கு தடவை சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான். நான் ஒன்றும் சொல்லாமல் மேசைமேல் விரலைச் சுழற்றிக் காட்டினேன். “பம்பரம் டீச்சர்!” என்று எழுந்தே நின்றுவிட்டான். அடுத்த பக்கத்தில் அதே சொல் வந்தபோது நிற்காமல் கடந்து போனான்.

வீட்டில் இப்படிச் செய்யுங்கள். ஆறேழு வரியுள்ள ஒரே ஒரு பக்கம். முதலில் நீங்கள் சொல்லுக்கு அடியில் விரல் ஓட்டி வாசியுங்கள், அடுத்து இருவரும் சேர்ந்து, அப்புறம் அவன் மட்டும். பத்து நிமிடம் போதும். அதே பக்கத்தை மூன்று நாள் வாசிக்கட்டும். மனப்பாடமாகிவிடுமே என்று பயப்பட வேண்டாம், கண் எழுத்தின் மேல் இருந்தால் சரி.

ஆண்டு 3, 25 மாணவர்கள். சிலர் சரளமாக வாசிக்கிறார்கள், ஆறு பேர் ஒரு வரியே தாண்டுவதில்லை. எல்லாரையும் ஒரே பாடத்தில் எப்படி நடத்துவது? (ஆசிரியர், கெப்போங்)

“அடுத்து நீ வாசி” என்று வரிசையாக எழுப்புவதை முதலில் விட்டுவிடுங்கள். ஒருவர் வாசிக்க 24 பேர் சும்மா இருக்கிறார்கள், திணறுகிற பிள்ளை எல்லார் முன்னாலும் கூசிப்போகிறது. சரளமாக வாசிப்பவரை நடுத்தர மாணவரோடு ஜோடி சேருங்கள். அந்த ஆறு பேர் உங்கள் மேசைக்கு வரட்டும்.

அவர்களுக்கு மணிலா அட்டையில் ஒரு வாக்கியம் எழுதி, சொல் சொல்லாக வெட்டி உறையில் போட்டுக் கொடுங்கள். அடுக்கி முடிப்பதற்குள் அதை ஏழெட்டுத் தடவை வாசித்திருப்பார்கள். வாரம் ஒருநாள் நாடக வாசிப்பு வையுங்கள். காக்கா-நரிக் கதையே போதும். திரும்பத் திரும்ப வருகிற வரியைத் திணறுகிற பிள்ளைக்குக் கொடுங்கள். வேடம் வேண்டாம், மனப்பாடமும் வேண்டாம், தாளைப் பார்த்து நடித்தால் போதும்.

ல, ள, ழ மாற்றி வாசித்தால் உடனே திருத்தலாமா?

கதை நடுவில் நிறுத்தாதீர்கள். குறித்து வைத்து, முடிந்தபின் ‘புலி-புளி’, ‘வலி-வழி’ என்று ஜோடியாகச் சொல்லிக் காட்டுங்கள். ‘ள’வுக்கு நாக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும், ‘ழ’வுக்கு வளையும், தொடாது. ஒரு சிறு கண்ணாடி கொடுத்தால் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம்தான். மகள் தமிழை நன்றாக வாசிக்கிறாள், பொருள் கேட்டால் விழிக்கிறாள். (தந்தை, பங்சார்)

அவள் வாயில் வருகிற தமிழைத் தாளில் எழுதுங்கள். பத்துமலைக்குப் போய்வந்த படம் இருக்குமே, அதை எடுத்து வைத்து என்ன நடந்தது என்று கேளுங்கள். “272 படி ஏறினோம். குரங்கு என் வாழைப்பழத்தைப் பிடுங்கிருச்சு” என்றால் அப்படியே எழுதி அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். பொருள் தெரியாத ஒரு சொல்கூட அதில் இருக்காது. மறுநாள் ‘பிடுங்கிருச்சு’க்குக் கீழே ‘பிடுங்கிவிட்டது’ என்று எழுதுங்கள். பேசுகிற தமிழும் புத்தகத் தமிழும் வேறுவேறாக இருப்பதுதான் இப்படிப்பட்ட பிள்ளைகளை அதிகம் குழப்புகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். அவள் ஆங்கிலச் சொல் கலந்தாலும் எழுதுங்கள். தமிழ்ச்சொல்லை அப்புறம் சேர்க்கலாம்.

செலவில்லாமல் கதைப் புத்தகம் எங்கே கிடைக்கும்?

பிரதம் புக்ஸ் என்ற இந்தியப் பதிப்பகம் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் படத்தோடு இலவசம். நிலை 1 முதல் 4 வரை பிரித்திருக்கிறார்கள். பதிவிறக்கி அச்சிடலாம். எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டு, கதையை மாற்றியும் எழுதலாம். நான் இந்தியக் கதையில் வருகிற சந்தையை நம் ஊர் இரவுச் சந்தையான பசார் மாலாமாக மாற்றிக் கொடுப்பேன். வகுப்பில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுக் கொடுங்கள், வண்ணத்தைப் பிள்ளைகள் தீட்டட்டும். தீட்டுகிற நேரத்தில் அந்தப் பக்கத்தைப் பக்கத்திலிருப்பவனுக்கு வாசித்துக் காட்டாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.