முள்கம்பியும் காத்திருப்பும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரெஸ்லிங் வீரர் டெரி ஃபங்க் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்தேன். முள்கம்பி, வெடி எல்லாம் வைத்து ஆடும் ஜப்பானிய டெத்மேட்ச் ரெஸ்லிங் வீடியோக்களைப் பல வருடங்களாகச் சேர்த்துவைத்துப் பார்ப்பதாக அதில் சொல்லியிருந்தீர்கள். ஆர்வத்தில் அன்று இரவே போனில் தேடினேன். வந்ததெல்லாம் முப்பது, நாற்பது நொடித் துண்டுகள். ஒருவர் தலையில் இன்னொருவர் டியூப் லைட்டுகளைக் கட்டாக அடித்து உடைக்கிறார். முதுகெல்லாம் ரத்தம். நான்காவது வீடியோவில் என் மகன் எட்டிப் பார்த்தான். அணைத்துவிட்டேன்.

நானும் ரெஸ்லிங் பார்த்து வளர்ந்தவன்தான். கேபிள் டிவியில் அண்டர்டேக்கர் வந்தால் பாதித் தெரு எங்கள் வீட்டில் இருக்கும். வீரர்கள் படம் போட்ட சீட்டுகளைச் சேர்த்து விளையாடியிருக்கிறேன். அது விளையாட்டாக இருந்தது. இது அப்படித் தெரியவில்லை. இது நடிப்பா, நிஜமா? இதில் நீங்கள் என்னதான் பார்க்கிறீர்கள்? கோபத்தில் கேட்கவில்லை. புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மகன் வந்ததும் அணைத்தீர்களே, நல்ல காரியம். என் வீட்டிலும் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் இவை ஓடின.

ஆனால் நீங்கள் பார்த்தது டெத்மேட்ச் இல்லை. அதிலிருந்து கிள்ளி எடுத்த ஒரு நொடி. அந்த நொடியை மட்டும் கையில் கொடுத்தால் எனக்கும் குமட்டும். முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தால், அதில் பெரும்பங்கு ஒருவன் முள்கம்பியில் பட்டுவிடாமல் இருக்கப் போராடுவதுதான். சாதாரண ரெஸ்லிங்கில் எதிராளியைக் கயிற்றை நோக்கித் தள்ளுவார்கள், அவன் மோதித் திரும்பி ஓடிவருவான். சின்ன வயதிலிருந்து நமக்குப் பழகிய காட்சி. இங்கே கயிறு இருந்த இடத்தில் முள்கம்பி. தள்ளப்பட்டவன் பாதி வழியில் காலை ஊன்றி, உடம்பை வளைத்து, கம்பிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிடுகிறான். கூட்டம் மொத்தமாக மூச்சை இழுத்து விடுவது கேசட்டில் தெளிவாகக் கேட்கும். பிறகு மறுபடி ஒரு தள்ளல், மறுபடி ஒரு நிற்றல். நான் பார்ப்பது இந்தக் காத்திருப்பை.

இதை ஆரம்பித்துவைத்தவர் அட்சுஷி ஒனிடா. ஜயன்ட் பாபாவின் ஆல் ஜப்பான் ரெஸ்லிங் நிறுவனத்தில் பயின்று, லேசான எடைப் பிரிவில் பறந்து பறந்து ஆடியவர். முழங்கால் உடைந்து 1985-ல் ஓய்வு பெற்றார். 1989-ல் திரும்பி வந்து எஃப்.எம்.டபிள்யூ. என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது கையில் இருந்தது 50,000 யென்தான் என்பது அவர் கதையில் தவறாமல் வரும் வரி. பறக்க முடியாத கால், பெரிய பெயர்கள் இல்லாத குழு. கூட்டத்தை எப்படி வரவழைப்பது?

1990 ஆகஸ்ட் 4. டோக்கியோவின் ஷியோடோமே. ஜப்பானின் முதல் ரயில் பாதை 1872-ல் தொடங்கிய இடம் அது. பிறகு சரக்கு ரயில் நிலையமாக இருந்து, அதையும் மூடியபின் வெறும் பொட்டலாகக் கிடந்தது. இன்று அங்கே கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. அந்தப் பொட்டலில் ரிங் கட்டி, கயிற்றைக் கழற்றிவிட்டு முள்கம்பி சுற்றி, கம்பியில் வெடிமருந்து பொருத்தி, ஒனிடாவும் டார்ஜான் கோட்டோவும் மோதினார்கள். ஜப்பானில் முதல் வெடிகம்பி ஆட்டம் அதுதான். டோக்கியோ ஸ்போர்ட்ஸ் நாளிதழ் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருதை அதற்குக் கொடுத்தது. பெரிய நிறுவனங்களின் நுட்பமான ஆட்டங்களையெல்லாம் தாண்டி இது வென்றது.

இங்கே வீடியோ கேசட்டின் பங்கைச் சொல்ல வேண்டும். நியூ ஜப்பான் என்ற இன்னொரு பெரிய நிறுவனத்துக்கு டிவி அசாஹி இருந்தது, ஆல் ஜப்பானுக்கு நிப்பான் டிவி இருந்தது. எஃப்.எம்.டபிள்யூ.வுக்கு அப்படி நாடெங்கும் போகும் வாராந்திர நிகழ்ச்சி எதுவும் இல்லை. மைதானத்துக்கு வர முடியாதவர்களுக்குக் கேசட்தான் ஒரே வழி. அதனால் டிவிக்காரர்கள் நேரமில்லை என்று வெட்டிவிடும் பகுதிகள் இதில் தங்கின. ஆட்டம் முடிந்து ஒனிடா மைக்கைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு, குரல் உடைந்து அழுவார். கூட்டமும் கூடவே அழும். ஒரு வார்த்தை ஜப்பானிய மொழி தெரியாமல் நான் அதைப் பலமுறை முழுதாகப் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் வந்தவை அமெரிக்காவிலிருந்து ஒரு நண்பர் அனுப்பிய பிரதிகள். அங்கே ரசிகர்கள் தபாலில் கேசட் மாற்றிக்கொள்வது அப்போது ஒரு தனி உலகம். ஜப்பான், அமெரிக்கா இரண்டும் என்.டி.எஸ்.சி. என்ற வீடியோ முறை, நம்முடையது வேறு. நம் டெக்கில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகி உருளும். பல முறைகளையும் ஓட்டும் டெக் ஒன்றைப் பழைய சாமான் கடையில் தேடிப்பிடித்து வாங்கினேன். பிரதியிலிருந்து பிரதி எடுக்க எடுக்க வி.எச்.எஸ்.ஸில் முதலில் சிதைவது நிறம், அதிலும் சிவப்பு. கோட்டைத் தாண்டி வழிந்து ஒரு கறையாகிவிடும். ஆக, என் கேசட்டுகளில் ரத்தம் சரியாகத் தெரியவே இல்லை. உடல்களின் அசைவு தெரிந்தது, தயக்கம் தெரிந்தது, கூட்டத்தின் ஓசை கேட்டது. இந்த ஆட்டங்களின் மேல் எனக்குப் பிடிப்பு வந்ததற்கு அந்த மங்கலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பிற்பாடு, மாங்கா வெளியிடும் டோக்கியோபாப் நிறுவனம் எஃப்.எம்.டபிள்யூ. ஆட்டங்களை ஆங்கில வர்ணனையோடு அமெரிக்காவில் டிவிடியாகக் கொண்டுவந்தது. படம் துல்லியம்தான். நான் இன்னும் பழைய கேசட்டைத்தான் எடுக்கிறேன்.

சரி, 1993-க்கு வருகிறேன். மே 5, கவாசாகி ஸ்டேடியம். லோட்டே ஓரியன்ஸ் பேஸ்பால் அணி 1991-ஓடு காலிசெய்துவிட்டுப் போன மைதானம். ஒனிடாவுக்கு எதிரே டெக்சாஸ்காரர் டெரி ஃபங்க், வயது 48. முள்கம்பியில் வெடி, அதோடு ரிங்குக்கும் வெடி. பதினைந்து நிமிடம் ஆனால் ரிங்கே வெடிக்கும். ஒனிடா நேரம் முடியும் முன்பே ஜெயித்துவிட்டார். மணி அடித்தாயிற்று, வெளியேறியும் விட்டார். ஃபங்க் மட்டும் உள்ளே அசையாமல் கிடக்கிறார். சைரன் ஒலிக்கிறது. ஒனிடா திரும்பி உள்ளே போகிறார். ஃபங்க்கை உலுக்குகிறார், கன்னத்தில் அறைந்து எழுப்பப் பார்க்கிறார், முடியவில்லை. நேரம் தீர்கிறது. அவர் மேலேயே குப்புற விழுந்து மூடிக்கொள்கிறார். வெடிக்கிறது. புகை ரிங்கை விழுங்கிவிடுகிறது.

நடிப்பா, நிஜமா என்று கேட்டீர்கள். யார் ஜெயிப்பது என்பது முன்பே பேசிவைத்தது. ஒனிடா திரும்பி வருவதும் அப்படித்தான். ஆனால் கம்பியின் முள் நிஜம், வெடியின் சூடு நிஜம். கூத்தில் இரணியன் வேடம் கட்டியவர் பேசுவது நடிப்பு என்று தெரிந்தும் நாம் நடுங்குவதில்லையா? அதே இடத்தில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் சீட்டுக் கட்டில் மேன்கைண்ட் இருந்திருப்பார். முகமூடி போட்டவர், நிஜப் பெயர் மிக் ஃபோலி. அந்த முகமூடிக்கு முந்தைய வருடம், 1995 ஆகஸ்ட் 20-ல், அதே கவாசாகியில் ஐ.டபிள்யூ.ஏ. ஜப்பான் என்ற நிறுவனம் நடத்திய டெத்மேட்ச் போட்டியில் கேக்டஸ் ஜாக் என்ற பெயரில் ஆடினார். எட்டுப் பேர், ஒரே நாள். ஆணிப் பலகை, குண்டூசி என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கொடுமை. இறுதியில் ஃபங்க்கை வென்றார். அதற்கு வெளியிலிருந்து கைகொடுத்தவர் பஞ்சாபில் பிறந்து கனடாவில் குடியேறிய டைகர் ஜீத் சிங். எழுபதுகளிலிருந்தே ஜப்பானியர்களுக்கு அவர் பெரிய வில்லன். ஃபோலிக்குக் கையில் தீக்காயம். அந்த நாள் முழுக்க ஆடியதற்குக் கிடைத்தது 300 டாலர் என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார். இதைப் படித்த பிறகு அந்தக் கேசட்டை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. உயிரைப் பணயம் வைத்தவனுக்குக் கொடுக்கும் கூலியா அது?

நான் திரும்பப் பார்க்காதவையும் உண்டு. 1992 மே மாதம் ஹியோகோ மாகாணத்தின் சாண்டாவில் நடந்த தீ ஆட்டம். சுற்றிலும் தீ வைத்தார்கள், அது கைமீறிவிட்டது. அறுபதைத் தாண்டிய ஷேக் என்ற முதியவர் பலத்த தீக்காயம் அடைந்தார். அதில் காத்திருப்பே இல்லை. மனிதர்கள் தப்பி ஓடுவது மட்டும்தான் இருக்கிறது. அதை வீடியோவாக விற்றிருக்கவே கூடாது.

இன்னொன்று ஹயபுசா. 1995 மே 5-ல் கவாசாகியில் ஒனிடாவுக்கு எதிரே வெடிகம்பிக்குள் நின்ற இளைஞர். அதையெல்லாம் தாண்டி வந்தவர், 2001 அக்டோபர் 22 அன்று கொராகுவென் ஹாலில், கயிற்றிலிருந்து பின்புறமாகக் கரணம் போடும்போது கால் வழுக்கித் தலைகுப்புற விழுந்தார். ஆயிரம் தடவை செய்த அசைவு. முள்கம்பியும் இல்லை, வெடியும் இல்லை. கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. அடுத்த பிப்ரவரியில் எஃப்.எம்.டபிள்யூ. திவாலானது. அவர் பிற்காலத்தில் மேடையில் பாடினார். 2016-ல் இறந்தார். டியூப் லைட் உடைவதைப் பார்த்து இது ஆபத்து, அண்டர்டேக்கர் விளையாட்டு என்று பிரித்தீர்கள். ஹயபுசாவை அறிந்த பிறகு என்னால் அப்படிப் பிரிக்க முடியவில்லை.

2021 மார்ச் 7-ல் அமெரிக்காவின் ஏ.இ.டபிள்யூ. நிறுவனம் கென்னி ஒமேகா, ஜான் மாக்ஸ்லி இருவரையும் வைத்து வெடிகம்பி ஆட்டம் நடத்தியது. கடைசிப் பெருவெடி புஸ்வாணமாகிவிட்டது, உலகமே சிரித்தது. 1995-ல் ஃபோலியும் ஃபங்க்கும் மோதிய அந்த இறுதி ஆட்டத்தின் கடைசி வெடியும் இப்படித்தான் நமுத்துப்போனது. ஆனால் 2021-ல் அந்தப் புஸ்வாணத்துக்குச் சற்று முன் எடி கிங்ஸ்டன் என்ற இன்னொரு வீரர் ஓடிவந்து, கட்டுண்டு கிடந்த மாக்ஸ்லியின் மேல் படுத்து மூடிக்கொண்டார். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 28 வருடத்துக்கு முன் ஒனிடா ஃபங்க் மேல் விழுந்த அதே விதம். வெடி ஏமாற்றியது, அந்த அணைப்பு ஏமாற்றவில்லை.

நீங்கள் மறுபடி முயல்வதாக இருந்தால் டியூப் லைட் வேண்டாம். 1993 கவாசாகி ஆட்டத்தை முழுதாகத் தேடுங்கள். இருவரும் நடந்து வருவதிலிருந்து தொடங்குங்கள், மணி அடித்ததும் நிறுத்திவிடாதீர்கள். அது பிடித்தால், அப்புறம் 1996 மே 5, அதே மைதானம், மெகுமி குடோவும் காம்பாட் டோயோடாவும் ஆடிய வெடிகம்பி ஆட்டம். இரண்டு பெண்கள், அதில் டோயோடாவுக்கு அது விடைபெறும் ஆட்டம். மே 5 ஜப்பானில் குழந்தைகள் தினம், பொது விடுமுறை. மைதானத்தில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் இருந்தாலும், உங்கள் மகன் தூங்கிய பிறகே பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.