மதகில் ஒட்டியிருப்பதும் சேற்றில் புதைந்திருப்பதும்: எந்த மட்டியை அகற்றுவது?

முத்துப்பேட்டைக்கு மேற்கே, கோரையாற்றுப் பாசனத்தின் கடைமடையில் ஊர்க்குளம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: “கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் விட்டிருந்தேன். சித்திரையில் மீன் பிடித்தபோது கட்லா மட்டும் எடை சரியாக வரவில்லை. தண்ணீர் வழக்கத்தைவிடத் தெளிவாக இருந்தது. மதகுச் சுவரிலும் மூங்கில் கழிகளிலும் நகம் அளவில் கறுப்புச் சிப்பிகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. சேற்றிலோ உள்ளங்கை அகல மட்டிகள் நிறையக் கிடைத்தன. அமெரிக்க ஏரிகளில் அயல் சிப்பிகளால் மீன்வளம் அழிந்ததாகக் கேள்விப்பட்டேன். அடுத்த முறை குஞ்சு விடுமுன் மயில்துத்தம் போட்டு எல்லாவற்றையும் ஒழித்துவிடலாமா?”

மயில்துத்தம் (செம்புச் சல்பேட்) வேண்டாம். காரணத்தைச் சொல்வதற்கு முன், நீங்கள் ஒன்றாகச் சேர்த்து எண்ணும் இரண்டு உயிர்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சேற்றில் பாதி புதைந்து கிடக்கும் பெரிய மட்டி நம் ஆறுகளுக்கும் குளங்களுக்கும் உரிய நன்னீர் மட்டி. வளர்ந்த மட்டிகள் எதன்மீதும் ஒட்டுவதில்லை. தசையாலான காலைக் கொண்டு சேற்றில் நகரும், கோடையில் நீர் வற்றினால் ஆழமாகப் புதைந்து அடுத்த தண்ணீருக்குக் காத்திருக்கும். அதன் நுண்ணிய இளவுயிர்கள் மீனின் செவுளிலோ துடுப்பிலோ சில நாட்கள் பற்றி வாழ்ந்த பிறகே சேற்றில் இறங்கி மட்டியாக முடியும் என்பதால், மீன் இல்லாத குளத்தில் அதற்குச் சந்ததி இல்லை. நன்னீர் முத்து வளர்ப்புக்குப் பயன்படுவதும் இந்த இனந்தான். இதை உங்கள் மீனுக்குப் பகையென்று கருத எந்தக் காரணமும் இல்லை.

சுவரில் ஒட்டியிருப்பது வேறு குலம். காலின் அடியிலிருந்து பட்டு நூலைப் போன்ற நார்களைச் சுரந்து, கல், மரம், வலை, ஏன், மற்றொரு மட்டியின் ஓட்டின்மீதுகூட ஒட்டிக்கொள்ளும். இதன் இளவுயிர்களுக்கு மீனின் துணை தேவையில்லை; அவை நீரில் மிதந்தே பரவுகின்றன. பெருக்கத்தின் வேகத்துக்கு இதுவே காரணம்.

நீங்கள் கேள்விப்பட்ட அயல் சிப்பியாகிய வரிச் சிப்பி (zebra mussel), காஸ்பியன், கருங்கடல் பகுதிகளுக்கு உரியது. கப்பல்கள் சமநிலைக்காக அடித்தளத்தில் நிரப்பிக்கொள்ளும் நிலைநீரோடு வந்து 1988-இல் வட அமெரிக்காவின் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டது. வளர்ந்த சிப்பி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரை வடிகட்டும். கோடிக்கணக்கில் சேர்ந்தால், மீன்குஞ்சுகளின் முதல் உணவாகிய மிதவை உயிரிகள் (பிளாங்க்டன்) நீரில் எஞ்சுவதில்லை. ஆனால் எல்லா மீன்களும் ஒரே அளவில் பாதிக்கப்படவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 1991-இல் இச்சிப்பி நுழைந்த ஹட்சன் ஆற்றில், நடுநீரில் மிதவை உயிரிகளை நம்பி வாழும் மீன்கள் குறைந்தன. நீர் தெளிந்து ஒளி அடிவரை இறங்கியதால் கரையோரத்தில் நீர்ச்செடிகளிடையே வாழும் மீன்கள் சில பெருகவே செய்தன. உங்கள் குளத்தில் ரோகுவும் மிருகாலும் தப்பி, மேல்நீரில் விலங்கு மிதவை உயிரிகளைத் தின்னும் கட்லா மட்டும் இளைத்தது இந்தப் போக்கோடு ஒத்துப்போகிறது. எனினும், உங்கள் குளத்தில் இருப்பது, முப்பது டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தை நீண்ட நாள் தாங்காத வரிச் சிப்பியாக இருக்க வாய்ப்பில்லை.

நம் கரையில் ஐயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, கரீபியப் பகுதியிலிருந்து வந்து 1967-இல் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் காணப்பட்ட கறுப்புவரிச் சிப்பி. அது நன்னீருக்கு நெருங்கிய நீரிலிருந்து கடல்நீர்வரை தாங்கும். மற்றொன்று, எண்ணூர் மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று அழைக்கும் தென்னமெரிக்க மட்டி. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அது பாய் விரித்தாற்போல் தரையை மூடிவிட, இறால் மண்ணில் புதைய இடமின்றிப் போயிற்று. இரண்டுமே உவர்நீரை விரும்புகிறவை.

என் ஐயம் இங்கேதான் வேறு பக்கம் திரும்புகிறது. நன்னீர்க் குளம் என்று நீங்கள் நம்பும் இடத்தில் உவர்நீர்ச் சிப்பி குடியேறியிருந்தால், கோடையில் ஆற்றில் நீர்வரத்து நின்ற பின், கடலிலிருந்து எதிர்த்து ஏறும் உப்புநீர் மதகுப் பலகையின் இடுக்கு வழியாக உள்ளே வந்திருக்க வேண்டும். உப்பு ஏறினாலே கட்லாவின் வளர்ச்சி மந்தமாகிவிடும். அப்படியானால் சிப்பியைவிட, அது காட்டிக்கொடுக்கும் கசிவே முதன்மையான சிக்கல். ஆகவே, பங்குனியிலும் சித்திரையிலும் வாரம் ஒருமுறை மதகருகிலும் குளத்தின் நடுவிலும் நீரெடுத்து உப்பின் அளவைப் பாருங்கள். மற்றொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம்: முழங்கை வரை கையை நீரில் விட்டு உள்ளங்கையைப் பாருங்கள், தெளிவாகத் தெரிந்தால் மிதவை உயிரிகள் போதாது என்று பொருள். அதற்குச் சாணம் இடுவது குறைந்ததும் காரணமாக இருக்கலாம், எல்லாப் பழியையும் சிப்பியின் தலையில் ஏற்றிவிட வேண்டாம்.

மயில்துத்தத்துக்கு வருவோம். நஞ்சை உணர்ந்ததும் ஒட்டுச் சிப்பிகள் ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாட்கணக்கில் காத்திருக்கக்கூடியவை. அவற்றைக் கொல்லும் அளவுக்குத் துத்தம் இட்டால், கட்லாவுக்கு உணவாகும் மிதவை உயிரிகளும் நாட்டு மட்டிகளும் சேர்ந்து அழியும். செத்தவை அழுகி நீரின் ஆக்சிஜனைக் குடித்துவிடும். செம்பு சேற்றில் தங்கிவிடும். சிப்பி தின்னும் அயல் மீனைக் கொண்டுவந்து விடலாம் என்று யாரேனும் யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். நத்தையைக் கட்டுப்படுத்த அமெரிக்கப் பண்ணைகளுக்குக் கொண்டுவரப்பட்ட கறுப்புக் கெண்டை ஆறுகளுக்குத் தப்பிச் சென்று இன்று நாட்டு மட்டிகளுக்கே அச்சுறுத்தலாகிவிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியால் நாம் படும் பாடு போதாதா?

டெல்டாவில் நமக்கு வாய்த்த நல்ல ஆயுதம் கோடை வெயில். மேட்டூர் திறப்புக்கு வழக்கமான நாளாகிய ஜூன் 12-க்கு முன், குளத்து நீரை வாய்க்காலுக்கு விடாமல் குளத்திலேயே வற்றவிட்டு, மதகையும் கழிகளையும் சுரண்டி, சுரண்டியவற்றைக் கரையில் வெயிலில் பரப்புங்கள். காய்ந்த பின் குழிதோண்டிப் புதையுங்கள். வலைகளை நன்றாக உதறி, ஒரு வாரம் கடும் வெயிலில் உலர்த்துங்கள். உலர்த்த முடியாத சிறு கருவிகளை 60 டிகிரி வெந்நீரில் சிறிது நேரம் மூழ்கவைக்கலாம். நாட்டு மட்டிகளைப் பொறுக்கிக் குளத்தின் ஆழமான ஈரக் குழியில் விடுங்கள். அதற்கு முன் அவற்றின் ஓட்டில் சிறு சிப்பி ஒட்டியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், ஏனெனில் செயின்ட் கிளேர் ஏரியில் நாட்டு மட்டிகளை அழித்தது, ஓட்டின்மீது இப்படி மொய்த்த வரிச் சிப்பிகளே. அதன் பிறகு, குழியை விட்டு மற்ற இடத்தில் ஏக்கருக்கு 100 கிலோ சுண்ணாம்பு இடலாம்.

மதகில் வலை கட்டிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மிதக்கும் இளவுயிர்கள் எந்த மீன்வலைக் கண்ணிலும் நுழைந்துவிடும் அளவுக்கு நுண்ணியவை. பலகை இடுக்கைக் களிமண்ணால் அடைத்து, கோடை முழுவதும் மதகை மூடிவைத்து, ஆற்றில் புதுத்தண்ணீர் வந்து உப்பைக் கடலுக்குத் தள்ளிய பிறகே திறப்பது நல்லது. குஞ்சுகளோடு வரும் பையின் நீரையும் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாமல் மேட்டு நிலத்தில் ஊற்றிவிடுங்கள்.

இவற்றையெல்லாம் தொடங்குமுன், ஒட்டியிருக்கும் சிப்பிகளில் பத்துப் பதினைந்தை நாரோடு பெயர்த்து, சாராயச் சத்தில் (எத்தில் ஆல்கஹால்) இட்டு, எடுத்த இடத்தையும் நாளையும் எழுதி, நாகப்பட்டினத்திலுள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தில் காட்டுங்கள். நான் சொன்னது அடையாளங்களை வைத்துச் செய்த கணிப்புதான். இனத்தை உறுதிசெய்ய ஓட்டின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். காக்கா ஆழி என்று தெரிந்தால் உடனே மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்துக்கும், உங்கள் வாய்க்காலிலேயே நீரெடுக்கும் பக்கத்துக் குளத்துக் குத்தகைதாரர்களுக்கும் சொல்லிவிடுங்கள்; அவர்கள் மதகும் அதே கோடையில் சுரண்டப்படாவிட்டால், அடுத்த ஆண்டு உங்கள் சுவரில் அது மறுபடியும் ஒட்டும்.