எண்ணைப் போட்டுப் பார்ப்போம்: இயற்பியல், கணிதக் கேள்வி பதில்

கேள்விகள் எக்கச்சக்கமாக வந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கடவுள், மறுபிறவி வகையறாவை ஒதுக்கிவிட்டேன், அது என் துறை இல்லை. பதில்களில் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஒரு கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருநெல்வேலி): விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசை இல்லை, அதனால்தான் எல்லாரும் மிதக்கிறார்கள். சரிதானே சார்?

சரியில்லை. நிலையம் பறப்பது தரையிலிருந்து சுமார் 400 கி.மீ. உயரத்தில். பூமியின் மையத்திலிருந்து தரை 6,371 கி.மீ., நிலையம் 6,771 கி.மீ. தூரம் இரண்டு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே முன்னதைப் பின்னதால் வகுத்து, வந்ததை அதனாலேயே ஒரு முறை பெருக்குங்கள். 0.885 வரும். அதாவது தரையில் இருக்கும் ஈர்ப்பில் 88 சதவீதத்துக்கும் மேல் அங்கேயும் இருக்கிறது. அந்த உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி உச்சியில் எடை பார்க்கும் மெஷினை வைத்தால், இங்கே 70 கிலோ காட்டுபவருக்கு அங்கே 62 கிலோ காட்டும். மிதக்கவெல்லாம் மாட்டார்.

நிலையத்தில் இருப்பவர் மிதப்பதற்குக் காரணம், அவரும் நிலையமும் சேர்ந்து விழுந்துகொண்டிருப்பது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பெட் பாட்டிலின் அடிப்பக்கம் ஊசியைச் சுட்டு ஓட்டை போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடியைத் திறந்தே பிடியுங்கள். தண்ணீர் பீய்ச்சும். அப்படியே மொட்டை மாடியிலிருந்து கையை விடுங்கள் (கீழே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு). விழுகிற அந்த ஒரு விநாடிக்குப் பீய்ச்சல் நின்றுவிடும். பாட்டில் விழும் வேகத்திலேயே தண்ணீரும் விழுகிறது, ஒன்று மற்றொன்றை அழுத்துவதில்லை. செல்பேசியில் ஸ்லோமோஷனில் எடுத்தால் தெளிவாகத் தெரியும்.

அதே மாணவர்: அப்படியானால் நிலா ஏன் விழவில்லை?

விழுந்துகொண்டுதான் இருக்கிறது. நியூட்டன் போட்ட கணக்கு இது. மரத்திலிருந்து விழும் பழம் முதல் விநாடியில் 4.9 மீட்டர் இறங்கும். நிலா இருப்பது பூமியின் ஆரத்தைப் போல 60 மடங்கு தூரத்தில். ஆக ஈர்ப்பு 60 × 60, அதாவது 3,600-இல் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டும். 4.9 மீட்டரை 3,600-ஆல் வகுத்தால் 1.36 மில்லிமீட்டர். நிலா நேர்கோட்டில் போய்விடாமல் ஒவ்வொரு விநாடியும் பூமிப் பக்கம் வளைவது கிட்டத்தட்ட அதே அளவுதான். பக்கவாட்டில் விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் ஓடிக்கொண்டே விழுவதால் தரையில் வந்து மோதுவதில்லை.

கேள்வி (இல்லத்தரசி, மதுரை): வெளியே போகும்போது ரூம் குளிரட்டும் என்று கதவைச் சாத்தி ஃபேனை ஓடவிட்டுப் போகிறார் என் வீட்டுக்காரர். பயன் உண்டா?

கரன்ட் பில்தான் ஏறும். 75 வாட் ஃபேன் என்றால் மூடிய அறைக்குள் 75 வாட் வெப்பத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை, நம் உடம்பின் வியர்வையை உலர்த்துகிறது. உடம்பே இல்லாத அறையில் அதற்கு என்ன வேலை? இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (ஐடி ஊழியர், சென்னை, இன்னும் பலர்): 1+2+3+4... என்று முடிவில்லாமல் கூட்டினால் மைனஸ் 1/12 வரும் என்று ராமானுஜன் நிரூபித்ததாக வீடியோக்கள் சொல்கின்றன. நிஜமா? புருடாவா?

இரண்டும் இல்லை. சாதாரண அர்த்தத்தில் கூட்டினால் 1, 3, 6, 10, 15 என்று ஏறிக்கொண்டே போகும். எந்த எண்ணிலும் நிற்காது, மைனஸில் போகவே போகாது. வீடியோக்களில் வரிசையை ஓர் இடம் தள்ளி வைத்துக் கழிக்கிறார்களே, அந்த வித்தையை நம்பாதீர்கள். 1+1+1+... என்பதை ‘க’ என்று வையுங்கள். முதல் ஒன்றை எடுத்துவிட்டாலும் மிச்சம் அதே ‘க’தான். ஆக க − 1 = க, அதாவது 1 = 0. அதே வித்தைதான்!

ராமானுஜன் அதை எழுதியது உண்மை. 1913 பிப்ரவரியில் இங்கிலாந்துக் கணிதவியலாளர் ஹார்டிக்கு அனுப்பிய இரண்டாவது கடிதத்தில், தன் முறைப்படி இந்தக் கூட்டுத்தொகை மைனஸ் 1/12 என்று எழுதிவிட்டு, இதைக் கேட்டால் என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வீர்கள் என்கிற மாதிரி அவரே சேர்த்துக்கொண்டார். ‘என் முறைப்படி’ என்ற அந்த இரண்டு சொற்களை வீடியோக்காரர்கள் விழுங்கிவிடுகிறார்கள்.

அந்த 1/12 எங்கே ஒளிந்திருக்கிறது என்று எக்செல்லிலேயே பார்த்துவிடலாம். 0.9048374 என்ற எண்ணை எடுங்கள். 1-ஐ இதனால் ஒரு முறை பெருக்குங்கள், 2-ஐ இரண்டு முறை, 3-ஐ மூன்று முறை. 0.905, 1.637, 2.222 என்று வரும். 10-ஆவது வரியில் 3.679 வரை ஏறி, அப்புறம் இறங்க ஆரம்பிக்கும். 100-ஆவது வரியில் வெறும் 0.0045. 300 வரி இழுத்துவிட்டு மொத்தத்தைக் கூட்டினால் 99.9167. நூறுக்கு எவ்வளவு குறைகிறது? 0.0833. 1/12-ஐக் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், 0.0833.

தற்செயல் என்று தோன்றினால், பெருக்கும் எண்ணை 0.99004983375 என்று மாற்றி 3,000 வரி இழுங்கள். 9999.9167 வரும். பத்தாயிரத்துக்கு மறுபடியும் அதே 0.0833 குறைவு. பெருக்கும் எண் 1-ஐ நெருங்க நெருங்க, 100, 10,000, 10 லட்சம் என்று ஒரு பகுதி ஊதிக்கொண்டே போகிறது. இன்னொரு பகுதியான மைனஸ் 1/12 மட்டும் அசையாமல் நிற்கிறது. ஊதும் பகுதியைக் கழற்றிவிட்டு, நிற்கும் பகுதியைத் தொடரின் மதிப்பு என்று சொல்ல முறையான வழிகள் உண்டு. ராமானுஜனின் முறை அவற்றில் ஒன்று, ஜெர்மன் கணிதவியலாளர் ரீமனின் சீட்டா (zeta) சார்பு இன்னொன்று. எல்லாம் ஒரே விடையில் வந்து நிற்பதுதான் எனக்கு இன்றும் சுவாரசியம்.

தொடர் கேள்வி: இதற்கு நிஜ உலகில் வேலை உண்டா?

இதன் உறவுக்காரத் தொடருக்கு உண்டு. வெற்றிடத்தில் மின்னூட்டமில்லாத இரண்டு உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று இழுக்கும் என்று நெதர்லாந்தின் இயற்பியலாளர் காசிமிர் 1948-இல் கணக்கிட்டார். அதில் வருவது 1, 8, 27 என்று கனங்களின் கூட்டல். அதிலும் ஊதும் பகுதியைக் கழித்தால் 1/120 மிஞ்சும். அந்த விசையை 1997-இல் அமெரிக்க இயற்பியலாளர் லாமரோ துல்லியமாக அளந்தார்.

கேள்வி (அம்மா ஒருவர், திருச்சி): எதையும் 0-ஆல் வகுத்தால் முடிவிலிதானே என்கிறான் ஆறாவது படிக்கும் பையன்.

1-ஐ 0.001-ஆல் வகுக்கச் சொல்லுங்கள், 1,000. மைனஸ் 0.001-ஆல் வகுத்தால் மைனஸ் 1,000. ஒரு பக்கமிருந்து பூஜ்யத்தை நெருங்கினால் மேலே பறக்கிறது, மறுபக்கமிருந்து வந்தால் பாதாளத்துக்குப் போகிறது. எந்தப் பக்கம் என்று அவனையே கேளுங்கள். அடுத்த கேள்வியோடு வருவான், தயாராக இருங்கள்.

கேள்வி (மோட்டார் மெக்கானிக், சேலம்): மோட்டாரை ஜெனரேட்டரோடு இணைத்து, வரும் கரன்ட்டை மோட்டாருக்கே கொடுத்தால் கரன்ட் பில்லே இல்லாமல் ஓடாதா அண்ணே?

நல்ல மோட்டார் 85 சதவீதம், நல்ல ஜெனரேட்டர் 90 சதவீதம் என்று வைப்போம். 1,000 வாட் போட்டால் தண்டில் 850, திரும்பி வருவது 765. அடுத்த சுற்றில் 585. அப்புறம் 448. ஐந்தாறு சுற்றில் கதை முடிந்தது. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்குமே, காணாமல்போன வாட் எல்லாம் அங்கேதான். ஓடுவதாகக் காட்டும் வீடியோவில் மேஜைக்கு அடியில் வயர் போகிறதா என்று பாருங்கள் தம்பி.

கேள்வி (ஆசிரியை, யாழ்ப்பாணம்): 40 பேர் உள்ள வகுப்பில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் வர எவ்வளவு வாய்ப்பு?

89 சதவீதம். உங்கள் பிறந்தநாளோடு பொருந்துகிறவர் வேண்டும் என்றால் வாய்ப்பு குறைவுதான். ஆனால் யாரோ இருவர் போதும் என்றால், 40 பேரில் 780 ஜோடிகள் இருக்கின்றன. 23 பேர் இருந்தாலே பாதிக்கு மேல். வருகைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்.

கேள்வி (லாரி ஓட்டுநர், நாமக்கல்): ஜிபிஎஸ்ஸுக்கும் ஐன்ஸ்டைனுக்கும் என்ன சம்பந்தம்?

செயற்கைக்கோளின் சிக்னல் வந்துசேர எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் ஜிபிஎஸ் தூரத்தைக் கணக்கிடுகிறது, கடிகாரம் பிசகினால் இடமும் பிசகும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஓடும் வேகத்தால் அதன் கடிகாரம் நாளொன்றுக்கு 7 மைக்ரோவிநாடி மெதுவாகிறது. உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் 45 மைக்ரோவிநாடி வேகமாகிறது. நிகரம் 38. அந்த நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும். அதனால் ஏவுவதற்கு முன்பே கடிகாரத்தைக் கொஞ்சம் மெதுவாக ஓடும்படி வைத்து அனுப்புகிறார்கள்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவி, தென்காசி): ஃப்ரீசரில் சுடுதண்ணீர் சீக்கிரம் உறையுமாமே? கேட்டதற்கு வகுப்பில் சிரித்துவிட்டார்கள்.

1963-இல் தான்சானியாவில் எரஸ்டோ ம்பெம்பா என்ற பள்ளி மாணவர் ஐஸ்கிரீம் செய்யும்போது இதைக் கவனித்தார். அவரையும் பார்த்துச் சிரித்தார்கள். பள்ளிக்கு வந்த இயற்பியல் பேராசிரியர் டெனிஸ் ஆஸ்போர்னிடம் எல்லார் முன்னாலும் அதே கேள்வியைக் கேட்டார். ஆஸ்போர்ன் தன் ஆய்வகத்தில் சோதிக்க வைத்தார், 1969-இல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. ஆனால் விவகாரம் இன்னும் தீரவில்லை. 2016-இல் கவனமாகத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. தெர்மாமீட்டரின் உயரம் சற்று மாறினாலே முடிவு மாறுவதையும் அவர்கள் காட்டினார்கள்.

நீயே செய்து பார் அம்மா. ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டம்ளர், இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். ஃப்ரீசரில் பனி படிந்திருந்தால் முதலில் அதைக் கரைத்துவிடு, இல்லையென்றால் சூடான டம்ளர் பனியை உருக்கி அடித்தட்டோடு ஒட்டிக்கொண்டு சீக்கிரம் குளிர்ந்துவிடும். தெர்மாமீட்டர் இரண்டிலும் ஒரே ஆழத்தில் இருக்கட்டும். ‘உறைந்தது’ என்றால் மேலே ஏடு கட்டுவதா, முழுக்கக் கட்டியாவதா என்பதை முன்பே நோட்டில் எழுதி வைத்துக்கொள். டம்ளர்களை இடம் மாற்றி வைத்தும் செய். என்ன வந்தது என்று எனக்கு எழுது, எந்த விடையாக இருந்தாலும் சரி.